ரதி சாட்சி சொல்ல வந்தாள்

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் எனக்கு வயிறு புரளத் தொடங்கியது; பாக்கியம் டீச்சருக்குப் பசிக்கத் தொடங்கியது. எங்கள் பயணம் முழுவதையும் இந்த ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் தானம் செய்துகொண்டிருந்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்று புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"வெறும் வயித்துல வாந்தி எடுத்தா தொண்டை எரியும் வக்கீலம்மா. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எடுங்க" என்றார்.

சிரிப்பாகத் தொடங்கினாலும் நாங்கள் போன காரியம் சிரிப்புக்குரியதல்ல. டீச்சரின் கணவர் மாசிலாமணியைக் கொன்றுவிட்டார்கள். சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை, கொஞ்சம் முன்பணத்தைக் கொடுத்து மலைக்காட்டில் மரம் வெட்டும் கூப்புகளில் அடைத்து வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மாசிலாமணி ஓர் ஓட்டை சைக்கிளில் மலை ஏறுவார். கூப்பு கூப்பாகப் போய்ப் பேசுவார், மனுப் போடுவார், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவார். குடும்பம் குடும்பமாக ஆட்களை வெளியே கொண்டுவருவார். அந்த மக்களுக்கு அவர் 'சைக்கிள் சார்'. ஒரு நாள் மலைப்பாதை வளைவில், ஒரு கான்ட்ராக்டரின் லாரி அவர்மேல் ஏறியது.

சைக்கிள்காரர் தானாக வந்து விழுந்தார் என்று டிரைவர் சொன்னான். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. டீச்சர் விடவில்லை. என் சீனியரின் வீட்டு வாசலில் வந்து நின்று, வழக்கைக் கொலை வழக்காக்கும் வரை ஓயவில்லை. ஆனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். மாசிலாமணி கூப்பிலிருந்து மீட்ட பிறகு தினக்கூலிக்கு மூட்டை ஏற்றி, அந்த லாரியின் மேல் மரப்பட்டை மூட்டைகளில் உட்கார்ந்து வந்த செல்லையா என்ற தொழிலாளி. பயந்துபோன மனிதர், அந்தமானுக்கும் தெற்கே கட்சால் தீவில் அரசாங்கம் ரப்பர் தோட்டம் போடுகிறது என்று கேள்விப்பட்டு, மனைவியோடு அங்கே கப்பலேறிவிட்டார். அனுப்பிய சம்மன் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. "அடுத்த வாய்தாவுக்கு இந்தச் சாட்சி வரவில்லை என்றால் சாட்சி விசாரணையை முடித்துக்கொள்வேன்" என்று நீதிபதி சொல்லிவிட்டார். செல்லையா வராவிட்டால் கான்ட்ராக்டர் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"கையோட கூட்டிட்டு வந்துரும்மா" என்றார் சீனியர், ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரச் சொல்வதுபோல. டீச்சரைக் கண்டால் செல்லையா மறுக்கமாட்டார் என்பது எங்கள் கணக்கு. டீச்சரைக் கண்டால் கப்பல் சமையல்காரர்கூட மறுக்கமாட்டார் என்பதை இரண்டாம் நாளே தெரிந்துகொண்டேன். எனக்குத் தண்ணியான பருப்பு வந்தது. அவருக்கு முட்டை வந்தது.

மேல்தளத்தில் எங்கள் பக்கத்துப் படுக்கை ஒரு வங்காளித் தம்பதி. கணவர் ஒவ்வொரு மாலையும் கடலைக் காட்டி மனைவியிடம் ஏதோ உருக்கமாகச் சொல்வார். காதல் பேச்சு என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசி நாளில்தான் இந்தி தெரிந்த ஒருவர் கேட்டுச் சொன்னார். "உன் அம்மா வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் நமக்கு நிலம் கொடுத்த சர்க்கார் நன்றாக இருக்க வேண்டும்" என்பதுதான் அந்தப் பேச்சாம்.

போர்ட் பிளேரில் இறங்கியதும் முதலில் கவனித்தது, அங்கே யாரும் ஊரை ஊர் என்று சொல்வதில்லை என்பது. மதுரையும் 'மெயின்லேண்ட்', கல்கத்தாவும் 'மெயின்லேண்ட்'. தெலுங்குக் கண்டக்டர் மலையாளக் கிழவரிடம் இந்தியில் சண்டை போட, தமிழ்க் கடைக்காரர் இந்தியில் சமாதானம் செய்துவைத்தார். மூன்று பேருடைய இந்தியும் என்னுடையதைப் போலவே இருந்ததால், நானும் தைரியமாக நடுவில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்தேன்.

நிக்கோபார் கப்பல் புறப்படும் நாளன்று சாத்தம் துறைக்குப் போனோம். மரமில்லின் ரம்பச் சத்தம் காதைக் கிழித்தது. ஈரமரத்தூள் வாசனை மட்டும் கோயில் தேர் செய்யும் இடம் போல இனிமையாக இருந்தது. திடீரென்று கூட்டம் ஒரு படகை நோக்கி ஓடியது. டீச்சரும் ஓடினார். அவரை விட்டுவிடக் கூடாதே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். படகு பாதித் துறைமுகம் தாண்டிய பிறகுதான், அது எங்கள் கப்பலுக்கு ஆளேற்றும் படகல்ல, எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குக் காலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் படகு என்று தெரிந்தது.

"எல்லாரும் ஓடுனாங்களே!" என்றார் டீச்சர், குற்றம் அவர்களுடையது என்பதுபோல.

பாம்பூஃப்ளாட் கரையில் திருதிருவென்று விழித்து நின்ற எங்களை மீட்டவர் சலேத்தம்மாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய மீன்காரக் குடும்பம். எங்கள் பேச்சைக் கேட்டதும் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அரே, நம்ம ஆளுவளா! வாங்க, பைட்டோ, உக்காருங்க. கப்பலு அஞ்சு மணிக்குத்தான எடுப்பான். அதுக்குள்ள சாப்பிடாம எங்க போறிய?"

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். டீச்சரின் கை மட்டும் சட்டிக்குள் எப்படியோ போய்விடும். தேங்காயை அம்மியில் அரைத்து ஊற்றிய சூரை மீன் குழம்பு. கடலில் இத்தனை நாள் காலியாகிக்கொண்டிருந்த என் வயிறு அன்றைக்குத்தான் எனக்கு மறுபடி சொந்தமானது. நாங்கள் கட்சாலுக்குப் போகிறோம் என்றதும் சலேத்தம்மாள் கையை உதறினார்.

"இப்ப அங்க காமன் பண்டிகல்லா! சிலோன்காரங்க கூத்துக் கட்டுவாங்க. போன வருசம் எங்க வீட்டுக்காரரு டீசல் எறக்கப் போனவரு பாத்துட்டு வந்தாரு. அங்க ஒரு ஆம்பள ரதியா வேசம் கட்டி அழுவானாம். இவருக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல, கேட்டுக்கிடுங்க. அவ்வளவு பெரிய கல்நெஞ்சு ஆளு!"

கல்நெஞ்சு ஆளான அவர் கணவர் மிக்கேல், எங்கள் பெட்டியைத் தூக்கித் தன் டிங்கிப் படகில் வைத்தார். திரும்பும் படகுக்குக் காத்திருந்தால் கப்பல் போய்விடும் என்று அவரே துடுப்புப் போட்டு, கப்பலின் பக்கவாட்டு ஏணியில் எங்களை ஏற்றிவிட்டுத்தான் போனார். சலேத்தம்மாள் கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தின் மணத்தில் எங்களைச் சுற்றிப் படுக்கை விரிக்க ஆளே வரவில்லை. விசாலமாகக் காலை நீட்டிப் படுத்துப் போனோம்.

கட்சாலில் கப்பல் கரையை ஒட்டாது. தள்ளி நின்றுகொள்ளும். ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய ஹோடி என்ற ஓடத்தில் நிக்கோபாரிகள் வந்து ஆட்களை இறக்குவார்கள். புடவையோடு கயிற்றேணியில் இறங்குவது சட்டக் கல்லூரியில் சொல்லித்தராத பாடம். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். கீழே ஒருவர் அரிசி மூட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்து உட்கார வைத்தார். அவர் ஏதோ சொல்ல, ஓடமே சிரித்தது. என்னவென்று கேட்டேன். "மெயின்லேண்ட் ஆட்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் எங்கள் தீவுக்கு வருகிறார்கள். ஊருக்குப் போய், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்கள்" என்றாராம். அதன்பிறகு நான் அந்தத் தீவில் கண்ணைச் சிமிட்டக்கூட யோசித்தேன். தண்ணீர் அத்தனை பச்சை, மணல் அத்தனை வெள்ளை.

டிராக்டரில் ஏறித் தோட்டத்துக்குப் போகும்போதே தப்புச் சத்தம் கேட்டது. வரிசை வீடுகளுக்கு முன்னால் திடல். நடுவில் கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டி நட்ட காமன் கம்பம். கூத்தை நடத்தும் பெரியசாமி மாஸ்டர் எங்களை வரவேற்றார். குட்டையான மனிதர், பெரிய குரல்.

"செல்லையாவா? உள்ளதான் இருக்கான். ரதிக்கு சவரம் நடக்குது" என்றார்.

உள்ளே, சிவப்புச் சேலை கட்டி, கழுத்தில் பாசிமணி போட்டு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். சலேத்தம்மாள் சொன்ன ரதியைத் தேடித்தான் நாங்கள் இத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறோம். கண்ணாடிக்குள் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"டீச்சரம்மா! நீங்க வருவீங்கன்னு தெரியும். எப்பன்னுதான் தெரியல."

வாதம் செய்து சம்மதிக்க வைக்கக் கப்பல் முழுவதும் நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாயிற்று. "வர்றேங்க. என்ன பாத்தேன்னு கோர்ட்டுல சொல்றேன். இப்ப டீச்சரம்மா முன்னால சொல்ல வாய் வரல" என்றார். நாங்கள் வந்த கப்பல் தெற்கே காம்ப்பெல் பே போய்த் திரும்ப நான்கு நாள் ஆகும். இன்று காமனை எரிப்பார்கள், மூன்றாம் நாள் உயிரெழுப்புவார்கள். அதற்கடுத்த நாள் கப்பல். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நான் நிம்மதியாகத் தேங்காய் ரொட்டியும் காரச் சம்பலும் சாப்பிட்டு, பால் இல்லாத சாயத் தண்ணி குடித்தேன். அந்தச் சம்பல் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

செல்லையாவின் மனைவி லெச்சுமி மட்டும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்த வேகத்திலேயே அவர் மனசு தெரிந்தது.

நிலா ஏறும் நேரத்தில் கம்பத்துக்குத் தீ வைத்தார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்துவிட்டார். சேலை முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு ரதி வந்தாள். காலையில் பார்த்த செல்லையா அதில் எங்கேயும் இல்லை. ஆற்றாமையோடு சாம்பலைச் சுற்றிச் சுற்றி வந்து, எழுந்து வாங்க, எழுந்து வாங்க என்று பாடி அழுதபோது தோட்டமே அழுதது. மலையாளி மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாக்கியம் டீச்சர் அழுதார். கோர்ட்டில், போலீஸ் ஸ்டேஷனில், என் சீனியர் வீட்டு வாசலில், எங்கேயும் அழாதவர், முகத்தை மூடிக்கொள்ளாமல் வாய்விட்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "நல்லா அழுதா பசிக்குது" என்றார். இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களத்துக்கு எங்களையும் கூட்டிப் போனார் மாஸ்டர். தோட்டம் இன்னும் இளசு. ஒரு பகுதி மரங்களில்தான் பால் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். செல்லையா வளைந்த கத்தியால் பட்டையில் மெல்லிய கோடு இழுக்க, வெள்ளைப் பால் கோட்டோடு வழுக்கி வந்து சிரட்டையில் சொட்டியது. நானும் ஒரு கோடு இழுத்தேன். மரத்துக்குக் காயம்தான் மிச்சம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

காம்ப்பெல் பேயில் அலை மோசமாம். ஆளை இறக்க முடியாமல் கப்பல் திரும்பிவிட்டதாம். இன்று சாயங்காலமே இங்கே வந்து, நேரே போர்ட் பிளேர் போகுமாம்! வயர்லெஸ் செய்தி. இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வாய்தாவுக்குள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"சரி, கிளம்புங்க செல்லையா" என்றேன். யாரும் அசையவில்லை. செல்லையா தன் வலது மணிக்கட்டை நீட்டினார். மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

"காப்புக் கட்டியிருக்குங்க. காமன் எந்திரிக்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. "நூலை அவிழ்த்துவிட்டு வேறு யாருக்காவது கட்டுங்களேன்" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நெற்றிக்கண் இருந்தது. காப்பை நடுவில் அவிழ்த்தால் காமன் சாம்பலாகவே கிடப்பான். ரதி பாதியில் எழுந்து போன ஊர் விளங்காது. அதுவரை பேசாமல் இருந்த லெச்சுமி இப்போது பேசினார்.

"இவர எங்கயும் அனுப்ப மாட்டேன். லாரிக்காரன் அங்க இல்லாமலா போயிட்டான்? சாரயே கொன்னவங்க. இவரு எம்மாத்திரம்? இந்தக் காப்பாவது இவரக் கட்டிப் போட்டுச்சேன்னு நான் சாமிக்குக் கும்புடு போட்டுக்கிட்டு இருக்கேன்!"

நான் சட்டம் பேச வாயெடுத்தேன். டீச்சர் என் கையை அழுத்தினார். பிறகு லெச்சுமியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"நீ சொல்றது சரிதான் லெச்சுமி. என் வீட்டுக்காரர் மலைக்குக் கிளம்புறப்பவெல்லாம் எனக்கும் சைக்கிளை ஒளிச்சு வெச்சிரலாம்னு தோணும். நான் யாரையும் இழுத்துட்டுப் போக வரல. உங்க காமனுக்கு மூணாம் நாளுன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு அது வரமாட்டேங்குது. அதைத்தான் கேட்டு வந்தேன்."

லெச்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார்.

"கூப்புல இருந்து சாரு எங்களக் கூட்டியாந்த அன்னைக்கும் நான் வரமாட்டேன்னுதான் அழுதேன். வந்ததாலதான் உசுரோட இருக்கோம். மாஸ்டர், இவரு போகட்டும். ஆனா காப்போட எல்லை தாண்டக் கூடாது. தாண்டாமப் போறதுக்கு வழி சொல்லுங்க!"

கடலுக்கு நடுவில் கிடக்கும் தீவு. எல்லை தாண்டாமல் எப்படிக் கப்பலேறுவது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே. மாஸ்டர் திடலுக்குப் போய்ச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நம்ம காமன் எந்த ஊருக் காமன்? இந்தத் தீவுக் காமனா? சிலோன்ல நம்ம தோட்டத்துக் காமன். அங்கிருந்து கிளம்புறப்ப காமன் பொட்டல்ல பிடிமண்ணு எடுத்து மடியில கட்டிக்கிட்டு வந்தோம். மண்டபம் முகாம்ல அந்த மண்ணப் போட்டோம், அதான் எல்லைன்னோம். இங்க வந்து போட்டோம், இதான் எல்லைன்னோம். எல்லை மண்ணு கூடத்தானய்யா வந்துச்சு! மண்ணு கப்பல்ல இருந்தா, கப்பல்தான் ஊரு."

திடலில் யாரோ தப்பில் ஓர் அடி அடித்தார்கள். அவ்வளவுதான், தோட்டமே எழுந்து ஓடியது. ஒருத்தி புதுப் பானை கொண்டுவந்தாள். சாம்பலையும் அடிமண்ணையும் அள்ளி அதில் நிரப்பினார்கள். மாஸ்டருக்கும் தப்புக்காரர் ஒருவருக்கும் மேனேஜர் லீவு எழுதிக் கொடுத்தார். "காமனுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். லெச்சுமி பால்மாவு டின் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மாடே இல்லாத தீவில் உயிரெழுப்பும் பால் டின்னில்தான் இருக்கிறது.

ஹோடியில் முதலில் பானை ஏறியது. அது கப்பலின் மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், மாஸ்டர் அதிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தளத்தின் நான்கு மூலையிலும் தூவிவிட்டு, "எல்லை கட்டியாச்சு, ஏறு!" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் செல்லையா கயிற்றேணியில் கால் வைத்தார். இந்த முறை நான் கண்ணைத் திறந்துகொண்டே ஏறினேன்.

கப்பலில் காம்ப்பெல் பேயில் இறங்க முடியாமல் போன பஞ்சாபிக் குடும்பங்கள் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தன. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே நிலம் வாங்கியவர்கள். தங்கள் வீட்டுக் கூரை தெரியும் தூரம் போய்த் திரும்பியவர்கள். ஒரு நரைத்த தாடி சர்தார்ஜி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் எருமை என்னைப் பார்த்துக் கத்தியது, நான் பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்" என்று இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கப்பல் அதிகாரி ஒருவர் வந்து, நெருப்பு மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டார். செல்லையா சேலை கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி வந்தார். பானையை நடுவில் வைத்து, சுற்றிலும் நின்று, பாடிப் பாடிக் காமனைக் கூப்பிட்டார்கள். வங்காளி, தெலுங்கர், நிக்கோபாரி என்று எல்லாரும் கூடிவிட்டார்கள். லெச்சுமி கொடுத்த மாவைக் கரைத்து டம்ளரில் பால் தயார். சாம்பலில் அதை ஊற்ற வேண்டும்.

செல்லையா டம்ளரை எடுத்து நேரே பாக்கியம் டீச்சரிடம் நீட்டினார்.

மாஸ்டர் தயங்கினார். "அது வந்து, செல்லையா, சுமங்கலிங்கதான் ஊத்துறது..."

"ரதியும் தாலி அறுத்தவதான மாஸ்டர், காமன் எந்திரிக்கிற வரைக்கும்" என்றார் செல்லையா.

மாஸ்டர் ஒதுங்கி வழி விட்டார். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையலறையில் பால் ஊற்றுவதுபோல நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் பானைக்குள் ஊற்றினார்.

"காமன் எந்திரிச்சான்!"

தப்பு முழங்கியது. ஓர் அடி, இரண்டடி, மூன்றாவது அடியில் சர்தார்ஜி எழுந்துவிட்டார். எருமைக் கவலையை எல்லாம் மறந்து இரண்டு கையையும் தூக்கி, தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினார். அவர் ஆட, அவர் கூட்டமே ஆட, தப்புக்காரர் அவர்கள் கால்களுக்குத் தகுந்தபடி அடியை மாற்ற, ரதி சர்தார்ஜியோடு கைகோத்துச் சுற்றினாள். டீச்சர் ஆடினார். கப்பல் அதிகாரி காலால் தாளம் போட்டார். நான் ஆடினேன். ஒரு மணி நேரம் ஆடிய பிறகுதான், இன்றைக்கு வாந்தியே எடுக்கவில்லை என்பது நினைவு வந்தது. அத்தனை சந்தோஷமான காலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

போர்ட் பிளேரில் மாஸ்டர் செல்லையாவின் காப்பை அவிழ்த்தார். பானையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்த் திசைக் கப்பலுக்காக உட்கார்ந்துவிட்டார். "ஊர நான் கொண்டு போறேன். நீ போயி சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா" என்றார். சாத்தம் துறையில் யாரோ படகை நோக்கி ஓடினார்கள். டீச்சரின் கையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தீர்ப்பு வரச் சில மாதம் ஆனது. கான்ட்ராக்டருக்கும் டிரைவருக்கும் ஆயுள் தண்டனை. செல்லையா பத்திரமாகக் கட்சால் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாசியில் மறுபடி அழுதாராம். ஆனால் அந்த வழக்கு முடிந்த இடம் தீர்ப்பு அல்ல என்று நான் நினைக்கிறேன். செல்லையா கூண்டில் ஏறிய அன்றே முடிந்துவிட்டது.

அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். மீசை அப்போதுதான் துளிர்விட ஆரம்பித்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய கை. எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"நீ கூத்தில் ரதி வேஷம் போடுகிறவன்தானே? செத்தவனைப் பார்த்ததாகச் சொல்லி அழுது காட்டுவது உனக்குக் கைவந்த வேலைதானே?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். செல்லையா கோபப்படவில்லை. யோசித்து, மெதுவாகச் சொன்னார்.

"ஆமாங்கய்யா. வருசா வருசம் அழுவேன். கூத்துல காமன் மூணாம் நாளு எந்திரிச்சிருவாரு, அதனால பயமில்லாம அழலாம். ஆனா சைக்கிள் சாரு மூணு நாளு எடுக்கலீங்க. லாரி மொதல்ல இடிச்சப்பவே எந்திரிச்சாரு. எந்திரிச்சு, மண்ணத் தட்டிவிட்டுட்டு, சைக்கிளத் தூக்கி நிறுத்துனாரு. அதப் பாத்துட்டு முன்சீட்டுல இருந்த மொதலாளி, 'எந்திரிச்சிட்டான்டா, பின்னால எடு'ன்னாரு. நான் மூட்டை மேல இருந்தேன். அப்ப நான் கத்தல. அதுக்கப்புறம் சாரு எந்திரிக்கல."

டைப் அடித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. பாக்கியம் டீச்சர் எழுந்து நின்றிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் நீதிபதி.